கடைக்கு அனுப்பிய பிள்ளை: அமெரிக்கப் பள்ளி சாஃப்ட்பாலில் யார் யாருக்காக ஓடலாம்?

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு 'ரன்னர்' என்றால் ஒரே அர்த்தம்தான். பேட்ஸ்மேனுக்குத் தொடையிலோ கணுக்காலிலோ பிடிப்பு. அவருக்காக ஓட இன்னொருவர் காலில் பேடைக் கட்டிக்கொண்டு வருவார். மூன்று பேர் ஓடுவதும் அதில் ஒருவர் குழம்பி ரன் அவுட் ஆவதும் தனி வேடிக்கை. 2011 அக்டோபரில் சர்வதேச ஆட்டங்களிலிருந்து ஐ.சி.சி. இந்த வழக்கத்தை எடுத்துவிட்டாலும், ரன்னர் என்றால் காயம் என்ற எண்ணம் நம் மண்டையில் அப்படியே தங்கிவிட்டது.

அதனால்தான் என் மகளின் பள்ளி சாஃப்ட்பால் ஆட்டத்தை முதன்முதலாகப் பார்க்கப் போன அன்று நான் ஏமாந்தேன். எங்கள் கேட்சர் (விக்கெட் கீப்பர் மாதிரி, பேட் செய்பவருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவள்) நன்றாக அடித்து முதல் பேஸில், அதாவது ஓடித் தொட வேண்டிய முனைகளில் முதலாவதில், போய் நின்றாள். பயிற்சியாளர் அம்பயரிடம் இரண்டு சொல் பேசினார். உடனே பெஞ்சிலிருந்து ஒரு பெண் ஓடிவந்து அந்தப் பேஸில் நின்றுகொண்டாள். கேட்சர் துள்ளலாக டக்அவுட்டுக்கு, அதாவது அணி உட்காரும் இடத்துக்கு, திரும்பினாள். "அடிபட்டுவிட்டதா?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "கர்ட்டசி ரன்னர்" என்றார். அதற்கு மேல் விளக்கவில்லை. நான் கேட்ட கேள்விகளின் எண்ணிக்கையைப் பார்த்து அடுத்த மாதமே ஸ்கோர் புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டார்கள். பென்சிலும் அழிப்பானுமாக அதன் முன் உட்கார்ந்த பிறகுதான் இந்த விதிகள் எனக்குப் புரிந்தன.

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளின் விதிப் புத்தகங்களை வெளியிடுவது என்.எஃப்.எச்.எஸ். என்ற தேசியக் கூட்டமைப்பு. அதன் தலைமையகம் இண்டியானபோலிஸ் நகரில் இருக்கிறது. இங்கே சொல்வதெல்லாம் அதன் சாஃப்ட்பால் விதிகளையொட்டித்தான். கல்லூரி ஆட்டம், கோடைக்காலக் கிளப் ஆட்டம் இவற்றுக்கு வேறு புத்தகங்கள். அங்கே இதைச் சொல்லி அம்பயரிடம் வாதாடாதீர்கள்.

ஆட்டத்தைப் பற்றி அவசியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். களத்தில் ஒன்பது பேர், ஏழு இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரு அணிகளும் ஒருமுறை பேட் செய்யும். மூன்று அவுட் விழுந்தால் ஓர் அணியின் முறை முடியும், அதுதான் அரை இன்னிங்ஸ். பேட் செய்யும் இடமான ஹோம் பிளேட்டிலிருந்து மூன்று பேஸ்களையும் சுற்றி மறுபடி அங்கே வந்தால் ஒரு ரன். பேஸ்பாலில் பேஸ்களுக்கு இடையே 90 அடி என்றால் இங்கே 60 அடி. பிட்சர் கையைக் கீழிருந்து சுழற்றி, 43 அடி தூரத்திலிருந்து பந்தை எறிவார். பந்து பிட்சரின் கையை விட்டுப் போகும் வரை ஓட்டக்காரர் பேஸிலிருந்து காலை எடுக்கக் கூடாது. தூரம் இவ்வளவு குறைவாக இருப்பதால் இங்கே ஓட்டம் என்பது பெரும்பாலும் அரை நொடிக் கணக்கு. யார் ஓடுகிறார் என்பதில் இவ்வளவு அக்கறை காட்டுவது அதனால்தான்.

ஒன்பது வீடுகள்

ஆட்டம் தொடங்கும் முன் இரு பயிற்சியாளர்களும் ஹோம் பிளேட் அருகே அம்பயரிடம் ஆட்டக்காரர் பட்டியலைக் கொடுக்கிறார்கள். யார் யார் ஆடுகிறார்கள், எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆனால் உண்மையில் கனமான தகவல் ஒன்றுதான்: எந்த வரிசையில் பேட் செய்கிறார்கள். முதலாவது முதல் ஒன்பதாவது வரை. ஒன்பதாவது ஆள் முடித்ததும் மறுபடி முதல் ஆள். ஆட்டம் முடியும் வரை இந்த வரிசை மாறாது.

இதை ஒன்பது வீடுகள் உள்ள ஒரு தெருவாக நினைத்துக்கொள்ளுங்கள். தொடக்கப் பட்டியலில் பெயர் உள்ளவர் வீட்டுக்காரர். அவருக்குப் பதிலாக வருபவர் குடித்தனக்காரர். குடித்தனம் வந்தவருக்கு அந்த வீடுதான். மூன்றாவது வீட்டுக்கு வந்துவிட்டு ஏழாவது வீட்டுத் திண்ணையில் உட்கார முடியாது. வீட்டுக்காரர் திரும்பி வரலாம். ஆனால் ஒரே முறைதான், அதுவும் தன் சொந்த வீட்டுக்குத்தான். அவர் வரும்போது குடித்தனக்காரர் காலி செய்தாக வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் ஆட்டத்தில் இருக்க முடியாது. திரும்பி வந்த வீட்டுக்காரர் இன்னொரு முறை வெளியே போனால், அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்தது.

கால்பந்தில் மாற்றப்பட்டவர் டிராக் சூட்டைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். தொழில்முறை பேஸ்பாலிலும் போனவர் போனவர்தான். பள்ளி சாஃப்ட்பாலில் திரும்பி வர விடுவதற்குக் காரணம், பள்ளி என்பதுதான். பெஞ்சில் இருக்கும் பெண்ணை ஒருமுறை பேட் செய்ய விட்டால் நல்ல ஆட்டக்காரியை முழுவதுமாக இழந்துவிடுவோமோ என்று பயிற்சியாளர் பயப்பட வேண்டியதில்லை. அந்தப் பயம் இருந்தால் யாரும் பெஞ்சைத் திரும்பியே பார்க்க மாட்டார்கள்.

இன்னொன்று. களத்தில் நிற்கும் இடம் மாறுவது ஆள் மாற்றம் ஆகாது. ஷார்ட்ஸ்டாப்பில் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே) நிற்பவள் மூன்றாவது பேஸுக்கும், அங்கே நிற்பவள் ஷார்ட்ஸ்டாப்புக்கும் மாறினால் பேட்டிங் வரிசையில் ஒன்றும் நடக்கவில்லை. வீடு அப்படியே இருக்கிறது. வேலைக்குப் போகும் அலுவலகம்தான் மாறியிருக்கிறது. ஸ்கோர் எழுதத் தொடங்கிய புதிதில் இதையும் மாற்றம் என்று நினைத்துப் புத்தகத்தை அழித்து அழித்துத் தாளில் ஓட்டையே போட்டிருக்கிறேன்.

எந்த மாற்றமானாலும் பந்து ஆட்டத்தில் இல்லாத நேரத்தில், ஹோம் பிளேட் அம்பயரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். வர உரிமை இருந்தும் சொல்லாமல் நுழைந்துவிட்டால் அது ஒரு தவறு: முதல் முறை அணிக்கு எச்சரிக்கை, மறுபடியும் நடந்தால் தலைமைப் பயிற்சியாளர் மீதி ஆட்டம் முழுக்க டக்அவுட்டை விட்டு வெளியே வர முடியாது. வரவே உரிமையில்லாத ஒருவர் நுழைவது வேறு வகைத் தவறு. அதற்கான தண்டனை இதைவிடக் கடுமையானது. முதலாவது மறதி, இரண்டாவது அத்துமீறல் என்று புத்தகம் பிரித்துப் பார்ப்பது எனக்கு நியாயமாகவே படுகிறது.

கடைக்கு அனுப்பிய பிள்ளை

இப்போது அந்த கேட்சர் விஷயத்துக்கு வருவோம். கர்ட்டசி ரன்னர் வீட்டுக்காரரும் இல்லை, குடித்தனக்காரரும் இல்லை. அவசரத்துக்குக் கடைக்கு அனுப்பிய பக்கத்து வீட்டுப் பிள்ளை. போய்விட்டு வந்ததும் அவரவர் இடத்தில் அவரவர் இருப்பார்கள். கேட்சர் ஆட்டத்திலிருந்து வெளியேறியதாகவே கணக்கில்லை. திரும்பி வரும் அந்த ஒரு வாய்ப்பும் செலவாகாது. ஓடிய பெண்ணுக்குப் பேட்டிங் வரிசையில் இடமும் கிடைக்காது.

இந்தச் சலுகை இரண்டே பேருக்கு: பிட்சர், கேட்சர். இருவரையும் மட்டும் ஏன் பிரித்தார்கள் என்பதற்கு டக்அவுட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும். கேட்சரின் இரண்டு கால்களிலும் முழங்காலிலிருந்து பாதம் வரை தடுப்பு, அதில் வரிசையாகக் கொக்கிகள். மார்புக் கவசம். முகமூடி வைத்த ஹெல்மெட். மூன்றாவது அவுட் விழும்போது அவள் இரண்டாவது பேஸில் நின்றுகொண்டிருந்தால், ஓடிவந்து இத்தனையும் மாட்டி முடிக்கும் வரை இரு அணிகளும் அம்பயர்களும் வெயிலில் காத்து நிற்க வேண்டும். பிட்சரின் கதை வேறு. பேஸ் பேஸாக ஓடிவிட்டு மூச்சு வாங்க வந்து பந்தைச் சுழற்றுவதைவிட, நிழலில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வருவது தோளுக்கு நல்லது. ஆக, இந்த விதியின் நோக்கம் ஆட்டம் தடைபடாமல் நகர வேண்டும் என்பது. காயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு அவுட் விழுந்திருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனையும் கிடையாது. பேஸை அடைந்தபின் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்.

வேகமில்லாத கேட்சருக்குப் பதிலாகப் பள்ளியிலேயே வேகமான பெண்ணை ஓடவிடும் தந்திரம் இதில் இல்லையா என்றால், இருக்கிறது. எல்லாப் பயிற்சியாளர்களும் செய்கிறார்கள். விதி அதைத் தடுக்கவில்லை.

கிரிக்கெட் ரன்னரோடு ஒப்பிட்டால் இங்கே எல்லாம் தலைகீழ். கிரிக்கெட்டில் ரன்னர் ஆடும் பதினொருவரில் ஒருவராக இருக்க வேண்டும். முடிந்தால் ஏற்கெனவே பேட் செய்து முடித்தவராக இருக்க வேண்டும். சாஃப்ட்பாலில் அன்றைய ஆட்டத்தில் வேறு எந்த வேலையும் செய்யாதவர்தான் கர்ட்டசி ரன்னர் ஆக முடியும். தொடக்கப் பட்டியலில் இருந்தவர் முடியாது. பதிலாளாக ஒரே ஒரு பந்தை எதிர்கொண்டவர்கூட முடியாது. பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே உரிய வேலை இது. நான் பார்த்தவரை, சட்டையில் மண் படாமலேயே பல ஆட்டங்களைக் கடந்துவிடும் பெண்களுக்கு அன்றைய ஒரே சறுக்கல், ஒரே கைத்தட்டல் இப்படித்தான் கிடைக்கிறது.

இதோடு இரண்டு கட்டுப்பாடுகள் சேர்கின்றன. பிட்சருக்காக ஓடியவர் அதே ஆட்டத்தில் கேட்சருக்காக ஓட முடியாது. கேட்சருக்காக ஓடியவர் பிட்சருக்காகவும் முடியாது. அடுத்தது, ஓர் அரை இன்னிங்ஸில் கர்ட்டசி ரன்னராக ஓடியவர் அதே அரை இன்னிங்ஸில் யாருக்கும் பதிலாளாக இறங்க முடியாது. காயம் பட்டு, வேறு ஆளே இல்லை என்ற நிலை வந்தால் மட்டும் இதற்கு விலக்கு உண்டு. அடுத்த இன்னிங்ஸில் தாராளமாக இறங்கலாம். ஆனால் இறங்கிவிட்டால் அதற்குப் பிறகு கர்ட்டசி ரன்னர் வேலை அவருக்கு இல்லை.

ஓர் ஆட்டம்

விதியாகப் படித்தால் தலை சுற்றும். எண்களை வைத்து ஓர் ஆட்டத்தைக் கற்பனை செய்துகொள்வோம். நம் அணி சொந்த மைதானத்தில் ஆடுகிறது. அதாவது ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டாவதாக பேட் செய்கிறது. நான்காவது வீட்டில் சட்டை எண் 22, கேட்சர். ஆறாவது வீட்டில் 8, பிட்சர். ஏழாவதில் 17, முதல் பேஸில் நிற்பவள். ஒன்பதாவதில் 12, வெளிக்களத்தில் எந்தப் பந்தையும் விடமாட்டாள், மட்டையைக் கொடுத்தால்தான் சிரமம். பெஞ்சில் மூன்று பேர்: 3, 14, 31.

முதல் இன்னிங்ஸ். இரண்டு அவுட் ஆனபின் 22 அடித்து முதல் பேஸுக்கு வருகிறாள். பயிற்சியாளர் 3ஐ அனுப்புகிறார். அடுத்தவள் அடித்த பந்து பிடிபட்டு இன்னிங்ஸ் முடிகிறது. பரவாயில்லை, 22 அதற்குள் கவசமெல்லாம் மாட்டித் தயாராக நிற்கிறாள்.

இரண்டாவது இன்னிங்ஸின் முதல் ஆள் பிட்சர் 8. நான்கு மோசமான பந்துகளை விட்டுவிட்டு முதல் பேஸுக்கு நடக்கிறாள். 3ஐ மறுபடி அனுப்பலாமா? கூடாது, அவள் கேட்சருக்காக ஓடியவள். 14 வருகிறாள். இதற்குப் பிறகு இன்று முழுக்க 3 கேட்சரின் ஆள், 14 பிட்சரின் ஆள். நான் இதை ஸ்கோர் புத்தகத்தின் ஓரத்தில் உடனே குறித்துவிடுவேன். ஐந்தாவது இன்னிங்ஸில் நினைவுபடுத்திக்கொள்ளலாம் என்று விட்டால் நினைவுக்கு வராது.

நான்காவது இன்னிங்ஸில் 22 மறுபடி பேஸில். 3 மறுபடி ஓடுகிறாள். எத்தனை முறை வேண்டுமானாலும் ஓடலாம், ஒரே ஆளுக்காக ஓடும் வரை.

ஐந்தாவதில் ஒரு ரன் பின்தங்கியிருக்கிறோம். ஒன்பதாவது வீட்டின் முறை வருகிறது. பயிற்சியாளர் 12ஐ உட்கார வைத்து 3ஐ மட்டையோடு அனுப்புகிறார். 3 ஓடியது நான்காவது இன்னிங்ஸில். இது வேறு அரை இன்னிங்ஸ், ஆகவே சரி. 3 அடித்து முதல் பேஸை அடைகிறாள். அப்புறம் இரண்டு பேர் வரிசையாக நடக்க, மூன்று பேஸ்களிலும் ஆள். இரண்டு அவுட். மட்டையோடு நிற்பது 22. அடிக்கிறாள், மூன்றாவது பேஸிலிருந்து 3 ஓடிவந்து ஸ்கோரைச் சமன் செய்கிறாள். டக்அவுட்டில் கூச்சல். அந்தக் கூச்சலில் பயிற்சியாளர் பழக்கதோஷத்தில் 3ஐப் பார்த்துக் கையைக் காட்டுகிறார்: போய் 22க்காக ஓடு.

இந்த இடத்தில்தான் ஸ்கோர் புத்தகம் வைத்திருப்பவர் கத்த வேண்டும். 3 இப்போது ஒன்பதாவது வீட்டுக் குடித்தனக்காரி. ஆட்டத்தில் சேர்ந்துவிட்டவள். அவள் கடைக்குப் போகும் பிள்ளை இல்லை. 14ஐயும் அனுப்ப முடியாது, அவள் பிட்சரின் ஆள். மிச்சம் 31 மட்டும். பெஞ்சில் இரண்டே பேர் இருந்திருந்தால் 22 தன் காலாலேயே ஓட வேண்டியிருந்திருக்கும்.

ஆறாவது இன்னிங்ஸ், எதிரணி பேட்டிங். வெளிக்களத்தில் 12 வேண்டும். அவள் வீட்டுக்காரி, திரும்பி வருகிறாள், 3 உட்காருகிறாள். 12 தன் ஒரு வாய்ப்பைப் பயன்படுத்திவிட்டாள். அதே நேரத்தில் பிட்சர் 8 களைத்துவிட்டதால் அவளை முதல் பேஸுக்கு மாற்றி, அங்கிருந்த 17ஐப் பந்தெறிய வைக்கிறார்கள். இருவருமே ஆட்டத்தில் இருக்கிறார்கள். வீடு மாறவில்லை, அலுவலகம் மட்டும் மாறியது.

நம் பேட்டிங். முதலில் வருவது ஆறாவது வீட்டு 8. அடித்துப் பேஸில் நிற்கிறாள். ஆட்டம் முழுக்கப் பந்தெறிந்தவள் ஆயிற்றே என்று 14 எழுந்து நிற்கிறாள். உட்கார வேண்டியதுதான். விதியின் பார்வையில் பிட்சர் என்றால், கடைசியாகக் களத்தில் அந்த இடத்தில் நின்று ஆடியவர். அது இப்போது 17. எனவே 8 தானே ஓடுகிறாள். அடுத்து வரும் 17 பேஸை அடைந்தால் அவளுக்காக 14 ஓடலாம். முதலில் பேட் செய்யும் விருந்தினர் அணிக்கு மட்டும் ஒரு சின்ன சிக்கல் உண்டு: முதல் இன்னிங்ஸில் அவர்கள் இன்னும் களத்தில் நின்றிருக்கவே மாட்டார்கள். அங்கே பட்டியலில் பிட்சர், கேட்சர் என்று எழுதிக் கொடுத்த பெயர்களே கணக்கு.

பத்தாவது பெயர்

சில பட்டியல்களில் பத்துப் பெயர்கள் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது டி.பி.–ஃப்ளெக்ஸ் ஏற்பாடு. களத்தில் மட்டும் ஆடி, பேட் செய்யாத ஒருவர் பத்தாவதாக எழுதப்படுகிறார், அவர்தான் ஃப்ளெக்ஸ். பெரும்பாலும் பிட்சராக இருப்பார். அவருக்காக ஒன்பது வீடுகளில் ஒன்றில் பேட் செய்பவர் டி.பி., அதாவது டெசிக்னேட்டட் பிளேயர். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். நடுவில் முளைக்க முடியாது. இதன் உள்மடிப்புகளை விளக்கத் தனிக் கட்டுரையே வேண்டும். அனுபவமுள்ள பயிற்சியாளர்களே விரல் விட்டு எண்ணிப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். நம் விஷயத்துக்குத் தேவையானது இரண்டு.

டி.பி. பிட்சருக்காகத்தான் பேட் செய்கிறார், எனவே அவருக்கும் கர்ட்டசி ரன்னர் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கிடைக்காது. அவர் டக்அவுட்டில் உட்கார்ந்துவிட்டு பேட் செய்ய மட்டும் வருபவர். மாட்ட வேண்டிய கவசமும் இல்லை, எறிய வேண்டிய பந்தும் இல்லை. விதியின் நோக்கத்தை நினைவில் வைத்திருந்தால் இதை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

சரி, ஃப்ளெக்ஸே டி.பி.க்காக ஓடினால்? ஓடலாம். டி.பி.யின் வீட்டில் மட்டுமே ஃப்ளெக்ஸ் பேட் செய்யவோ ஓடவோ முடியும். ஆனால் அது கடைக்குப் போவதில்லை, குடியேறுவது. டி.பி. ஆட்டத்தை விட்டு வெளியேறியவர் ஆகிறார். திரும்பி வந்தால் அவருடைய ஒரு வாய்ப்பு செலவாகும். பத்துப் பேராகத் தொடங்கிய அணி அப்போது ஒன்பது பேராக ஆடுகிறது. அதில் தவறும் இல்லை.

எல்லாவற்றையும் நினைவில் வைக்க நான் ஸ்கோர் புத்தகத்தில் செய்வது இது. பெஞ்சில் இருப்பவர்களின் எண்களை ஆட்டத்துக்கு முன்பே பக்கத்தின் அடியில் எழுதிவிடுவேன். ஒருத்தி கேட்சருக்காக ஓடினால் எண்ணுக்குப் பக்கத்தில் 'கே', பிட்சருக்காக ஓடினால் 'பி'. பதிலாளாக இறங்கிவிட்டால் அந்த எண்ணையே அடித்துவிட்டு மேலே வீட்டு வரிசையில் எழுதுவேன். வீட்டுக்காரி திரும்பி வந்தால் அவள் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். வட்டம் போட்ட எண் மறுபடி வெளியே போகும்போது பயிற்சியாளரை ஒருமுறை பார்ப்பேன். அவர் தலையசைத்தால், தெரிந்துதான் செய்கிறார்.